நான்காம் நாள் தான்சாக்

தாதர், பம்பாய்
12 ஜனவரி 1958

அன்புள்ள ஆலாமாய் அக்காவுக்கு,

நாஜுவின் வணக்கம். நானும் பிலுவும் சுகம். நவ்சாரியில் இந்த வருடம் குளிர் அதிகம் என்று பேப்பரில் பார்த்தேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

இன்று ஞாயிறு. பதினோரு மணிக்கே இந்தப் பார்சிக் கட்டடம் முழுக்கத் தான்சாக் வாசனை. மூன்று மாடி. எல்லா அடுப்பிலும் அதே பருப்பு, அதே ஆட்டிறைச்சி, அதே பூசணி. எங்கள் அடுப்பில் முட்டை.

பிலு ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக் கூவர்பாயிடம் போனாள். நான் அனுப்பவில்லை. தடுக்கவும் இல்லை. கூவர்பாய் படிக்கட்டிலிருந்தே கத்தினாள். "ஏண்டி நாஜு, டெலிபோன் ஆபீஸ்ல குடுக்கிற சம்பளம் அரை ராத்தல் கறிக்குக்கூடவா பத்தல? பத்து வயசுப் புள்ள கிண்ணத்தைத் தூக்கிட்டு நிக்குது, பாரு!" பிறகு கிண்ணம் வழிய ஊற்றிக் கொடுத்தாள். அவள் கை பெரிது. வாய் அதைவிடப் பெரிது.

காரணம் உங்களுக்குத் தெரியும். மொம்பாஸாத் துறைமுகத்தில் படகு கவிழ்ந்தது, நோஷிர் அதில் இருந்தார் என்று கப்பல் கம்பெனி எழுதியதிலிருந்து இந்த வீட்டில் நான் தான்சாக் செய்யவில்லை. பருப்பைக் களையும்போதே கை நின்றுவிடுகிறது. இது ஞாயிற்றுக்கிழமைச் சமையலா, சாவு வீட்டு நான்காம் நாள் சமையலா? மற்றவர்களின் உடல் கிடைத்தது. உங்கள் தம்பியின் உடல் கிடைக்கவில்லை. ஒன்றரை வருடமாக எனக்குப் பதில் தெரியவில்லை.

அதனால் கேட்கிறேன். அவருக்கான பிரார்த்தனைகளைச் செய்துவிடலாம். மூன்று நாள் இறைச்சி இல்லாமல் இருப்போம். நான்காம் நாள் விடியலில் கடைசிப் பிரார்த்தனை, மத்தியானம் தான்சாக். எல்லா வீட்டிலும் துக்கம் அப்படித்தானே முடிகிறது. உடல் இல்லாவிட்டாலும் செய்யலாம் என்கிறார் எங்கள் நெருப்புக் கோயிலான அகியாரியின் குரு பர்ஜோர்ஜி. ஆனால் இறந்தவரின் பெயரைக் குடும்பத்துப் பெரியவர் கொடுக்க வேண்டுமாம். அது நீங்கள்தான்.

சரி என்று ஒரு வரி எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிலு முத்தம் அனுப்புகிறாள்.

நாஜு


நவ்சாரி
2 பிப்ரவரி 1958

என் நாஜுவுக்கு ஆலாமாயின் ஆசிகள்.

கோதாயி உன்னையும் குழந்தையையும் தன் நிழலில் வைத்திருக்கட்டும். எனக்குக் குறை ஒன்றும் இல்லை. முழங்கால் மட்டும் படியேறும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறது. நானும் அதைத் திட்டுகிறேன். இப்படியே மாடிக்குப் போய்விடுகிறோம்.

காலையில் பனை நீரா வருகிறது. இந்த வருடம் நல்ல இனிப்பு. பிலு இருந்தால் இரண்டு தம்ளர் குடிப்பாள். பூனை அரிசிப் பானைக்குப் பின்னால் மூன்று குட்டி போட்டிருக்கிறது. ஒன்றின் முகம் அப்படியே கூவர்பாய். அவளிடம் சொல்லாதே.

நீ எழுதியதைப் படித்தேன். இப்போது வேண்டாம், நாஜு. கம்பெனி ஒரு காகிதம் எழுதிவிட்டால் ஆயிற்றா? இன்னும் ஒரு வருடம் போகட்டும். இது அவசரப்பட்டுச் செய்கிற காரியம் இல்லை.

பிலுவுக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னுகிறேன். கையின் அளவை நூலில் முடிச்சுப் போட்டு அனுப்பு.

எப்போதும் உன் நன்மையை வேண்டும்,
ஆலாமாய்


தாதர்
16 பிப்ரவரி 1958

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நூல் உள்ளே இருக்கிறது. முடிச்சு பிலு போட்டது. அதனால் சட்டை சற்றுப் பெரிதாகவே வரும்.

அவசரம் என்ற சொல்லை நான் சில நாள் வைத்துப் பார்த்தேன். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது என்னுடையது போல் தெரியவில்லை.

நேற்று எக்ஸ்சேஞ்சில் ஒருவர் கராச்சிக்கு இணைப்பு கேட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் என்னிடம் கோபித்தார். "அந்தப் பக்கம் ஆள் இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லும்மா!" "தெரியல சார். ஆனா லைன் அறுந்துபோகல" என்றேன். "இது ஒரு பதிலா?" என்றார். இல்லைதான். வீட்டுக்கு வந்த பிறகும் அது காதில் இருந்தது.

யாரும் பெயர் சொல்ல விரும்பாத சித்தப்பா ரங்கூனில் இறந்தபோது, செய்தி வந்த அன்றே இறைச்சியைத் தள்ளி வைத்தவர் நீங்கள். பிரார்த்தனை இல்லாத ஆன்மா வழி தெரியாமல் நிற்கும் என்று நான் கல்யாணமாகி வந்த முதல் மாதமே எனக்குச் சொன்னவர். சொந்தத் தம்பிக்கு ஒரு வருடம் போகட்டும் என்கிறீர்கள்.

தவறாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேயுங்கள்.

நாஜு


நவ்சாரி
22 ஏப்ரல் 1958

என் நாஜுவுக்கு,

ஆசிகள். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. கிணற்றுச் சுவர் இடிந்து, ஆள் பிடித்து, கட்டி முடிப்பதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

கொத்தனார் மகா சோம்பேறி. "என்னப்பா, நீ கட்டறதுக்குள்ள நான் செத்தே போயிடுவேன் போல" என்றேன். "கவலப்படாதீங்கம்மா, சுவர் நிக்கிற வரைக்கும் நீங்களும் நிப்பீங்க" என்கிறான். வாயில்தான் வேலை.

வெயில் ஏறிவிட்டது. மாங்காய் ஊறுகாய் போட்டாயிற்று. போன புதன்கிழமை வாசலில் சுண்ணப்பொடிக் கோலம் போட்டு, இனிப்புச் சேமியா கிளறித் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு ஜீவி, "எனக்கு ஒரு கரண்டிகூட வைக்கலையே" என்று இன்னும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். முந்திரி கொஞ்சம் கருகிவிட்டது. மற்றபடி நன்றாக வந்தது.

சட்டை முடிந்தது. குளிர்காலம் வரட்டும்.

பிலுவை நன்றாகப் படிக்கச் சொல். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

ஆலாமாய்


தாதர்
4 மே 1958

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அங்கும் சுகம் என்று நம்புகிறேன். கிணறு முடிந்ததில் சந்தோஷம்.

நான் பிப்ரவரியில் எழுதியதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. பரவாயில்லை. வேறொன்று எழுதுகிறேன்.

பிலு, முதல் மாடி ரோஷனிடம், "எங்கப்பா ஆப்பிரிக்காவுல கப்பல்ல இருக்கார்" என்று சொல்லியிருக்கிறாள். எதிர்க்கட்டடத்து தினாஸிடம், "எங்கப்பா கடல்ல மூழ்கிட்டார்" என்று சொல்லியிருக்கிறாள். நேற்று அந்த இரண்டு பெண்களும் சந்தித்துக்கொண்டார்கள். தோட்டத்தில் எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து, "புளுகு மூட்டை பிலு! உங்கப்பா மீனுக்குள்ள இருக்காரா?" என்று சுற்றிச் சுற்றிக் கத்தியிருக்கிறார்கள்.

அழாமல் வந்தாள். செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்தாள். பிறகு கேட்டாள்.

"ரெண்டுல எதைம்மா நான் சொல்லணும்?"

இதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், அக்கா? நீங்கள் சொல்லுங்கள்.

நாஜு


நவ்சாரி
28 மே 1958

என் நாஜுவுக்கு,

உங்கள் இருவரையும் கோதாயி காக்கட்டும். இங்கே வெயில் தாங்கவில்லை. ஆனால் மசாலாவுக்கு இதைவிட நல்ல வெயில் கிடைக்காது.

கொத்துமல்லி, சீரகம், மிளகாய், பட்டை, கிராம்பு, எல்லாம் மொட்டைமாடியில் காய்ந்தன. ஜீவி இடித்தாள், நான் சலித்தேன். "மிளகா போட்டது நீங்க, தும்முறது நானா?" என்று சண்டை. வீடே தும்மியது. பூனைக் குட்டிகள் தெருவுக்கு ஓடிவிட்டன.

இந்த வருடத் தான்சாக் மசாலாவை உனக்கு ஒரு தகர டப்பாவில் போட்டு, பம்பாய் வருகிற பெஸ்தன்ஜியின் மகனிடம் கொடுத்திருக்கிறேன். நீ செய்கிறாயோ இல்லையோ, வீட்டில் இருக்கட்டும். ஈரக் கரண்டி போடாதே.

பிலுவைப் பற்றி எழுதியிருந்தாய். குழந்தைகள் கேட்கும். பிறகு மறந்துவிடும். நீ அதை மனதில் போட்டுக்கொள்ளாதே. உடம்பு கெட்டுவிடும்.

வாழ்க.

ஆலாமாய்


தாதர்
10 ஆகஸ்ட் 1958

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் சுகம். பிலுவுக்கு ஜூலையில் காய்ச்சல் வந்து போனது. இப்போது ஓடுகிறாள். உங்கள் ஊரில் மழை எப்படி?

டப்பா கிடைத்தது. மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடினேன்.

இறைச்சியில்லாத பஹ்மன் மாதம் முடிந்துவிட்டது. எனக்கு வருடத்தில் அந்த ஒரு மாதம்தான் நிம்மதி. கட்டடத்தில் யார் வீட்டிலும் தான்சாக் இல்லை. நானும் எல்லோரையும்போல இருந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பி வந்துவிட்டன. பிலு கிண்ணத்தைத் தொடுவதில்லை. பிள்ளைகள் கேலி செய்த பிறகு கீழே போவதே இல்லை. பதினோரு மணிக்கு ஜன்னலை மூடுகிறாள். மறக்கும் என்று எழுதினீர்கள். மறக்கவில்லை.

பெரிய பிரார்த்தனை வேண்டாம். நான்காம் நாள் வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த மாதக் கடைசியில் முக்தாத் வருகிறது. நம் வீட்டில் இறந்தவர்கள் எல்லோருக்கும் நீங்கள் வெள்ளிச் சாடியில் பூ வைப்பீர்கள். அந்த வரிசையில் நோஷிருக்கும் ஒரு சாடி வையுங்கள். வைத்தேன் என்று எழுதுங்கள். அதைப் பிலுவிடம் படித்துக் காட்டுவேன். அவளுக்கு அது போதும். எனக்கும்.

நாஜு


நவ்சாரி
2 செப்டம்பர் 1958

என் நாஜுவுக்கும் என் பிலுவுக்கும்,

நம் புது வருட வாழ்த்து. இந்த வருடம் உங்கள் வீட்டில் நோய் நுழையாமல் இருக்கட்டும். நான் நன்றாக இருக்கிறேன். மழையும் நன்றாக இருக்கிறது. அகியாரிக்குப் போகிற வழியில் முழங்கால் அளவு தண்ணீர்.

முக்தாத் நாட்கள் குறைவில்லாமல் நடந்தன. அப்பாவின் சாடிக்குச் சிவப்பு ரோஜா. அம்மாவுக்குச் சம்பங்கி. ரங்கூன் சித்தப்பாவுக்கு அன்றன்று கடையில் மிஞ்சியது. அவர் இருந்தபோதும் எதையும் பொறுக்கி எடுத்தவர் இல்லை. பிறந்த அன்றே போன தங்கைக்கு மல்லிகை. அவளுக்குப் பெயர் வைக்க நேரம் இருக்கவில்லை. சாடி மட்டும் வைத்தோம். தினமும் தண்ணீர் மாற்றினேன், விளக்கு அணையவில்லை. கடைசி நாள் விடியலில் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்தபோது வீடு பெரிதாகிவிட்டது போல் இருந்தது.

பிலுவின் காய்ச்சலைப் பற்றி முன்பே எழுதியிருக்கக் கூடாதா? சட்டையை இந்த வாரம் அனுப்புகிறேன்.

ஆலாமாய்


தாதர்
7 செப்டம்பர் 1958

அன்புள்ள அக்காவுக்கு,

வாழ்த்து கிடைத்தது. உங்களுக்கும் எங்கள் வாழ்த்து. சுகம்.

நான்கு சாடி. பெயர் இல்லாத குழந்தைக்கும் ஒன்று.

புது வருடக் காலண்டரை மாட்டுவதற்காகப் பழையதைக் கழற்றினேன். நான் ஆங்கிலத் தேதியில் வாழ்கிறவள். வேலை அப்படி. நம் பார்சி மாதங்களையும் ரோஜ் என்கிற நாட்களையும் காலண்டரைப் பார்த்துத்தான் சொல்வேன். ஏப்ரல் பக்கத்தில் கண் நின்றது. நீங்கள் சேமியா கிளறிய அந்தப் புதன்கிழமை, நம் கணக்கில் நோஷிர் பிறந்த நாள்.

உங்கள் பழைய கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். அதற்கு முந்தைய வருடம் அதே நாளில் நீங்கள் அடுப்பே மூட்டவில்லை. பால்கூடக் காய்ச்சவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வருடம் கோலம், முந்திரி, தெருப் பிள்ளைகள்.

செத்தவருக்கு யாரும் பிறந்தநாள் சேமியா செய்வதில்லை. செத்தவருக்குப் பிரார்த்தனை வேண்டாம் என்று நீங்கள் சொல்லவே மாட்டீர்கள். உயிரோடிருப்பவரின் பெயரில் சாடி வைக்க உங்கள் கை வராது.

நோஷிர் உயிரோடு இருக்கிறார். உங்களுக்குத் தெரியும்.

எங்கே, யாரோடு, ஏன் என்று நான் கேட்கவில்லை. கடிதத்தில் எழுதக்கூடிய பதில்களாக அவை இருக்காது. ஒன்று மட்டும் கேட்கிறேன். என் அடுப்பில் நான் என்ன வைக்கட்டும்?

நாஜு


நவ்சாரி
19 அக்டோபர் 1958

நாஜு,

ஞாயிற்றுக்கிழமை தான்சாக் செய். வெறும் ஞாயிற்றுக்கிழமைத் தான்சாக்.

அவன் இருக்கிறான். தனியாக இல்லை. அங்கே ஒரு வீடு இருக்கிறது. கைக்குழந்தை இருக்கிறது. படகு கவிழ்ந்த அன்று அவன் அந்தப் படகில் ஏறவே இல்லை. கம்பெனி தவறாக எழுதியது. அவன் அதைத் திருத்தவில்லை. போன குளிர்காலத்தில் மொம்பாஸாவிலிருந்து திரும்பிய ஒருவர் வாசலில் நின்று இதைச் சொன்னார். "உங்க தம்பி சொல்லச் சொன்னார், உங்களுக்கு மட்டும்தானாம்" என்றார். அவரை உட்காரச் சொல்லாமலே அனுப்பிவிட்டேன்.

உன்னிடம் சொல்ல ஒவ்வொரு முறையும் பேனாவை எடுத்தேன். அவனுக்காக மறைத்தேன் என்று நினைக்காதே. உனக்குத் தெரிந்தால் நீ இந்த வீட்டோடு எதற்காக உறவு வைக்க வேண்டும்? பிலுவை எதற்காக என்னிடம் அனுப்ப வேண்டும்? நீங்கள் இருவரும் போய்விட்டால் இங்கே யாருக்குச் சட்டை பின்னுவேன்? இதுதான் காரணம். இது நல்ல காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

உயிரோடிருக்கிறவனுக்கு நான்காம் நாள் வைக்கவிடக் கூடாது என்று மட்டும் பிடிவாதமாக இருந்தேன். நீ இரண்டு வருடம் பட்டினியாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவில்லை.

பதில் எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

ஆலாமாய்


தாதர்
27 அக்டோபர் 1958

அன்புள்ள ஆலாமாய் அக்காவுக்கு,

நாஜுவின் வணக்கம். இருவரும் சுகம். உங்கள் கடிதத்தில் உடம்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நேற்று செய்தேன்.

கறிக்கடை குலாம், "என்னம்மா, ரெண்டு வருஷமா ஆளையே காணோம்? ஊர்ல இல்லையா?" என்றார். "இங்கதான் இருந்தேன்" என்றேன். "அப்ப வேற கடையில வாங்கினீங்களா?" என்று முகம் சுருங்கிப் போனார். இல்லை என்று சத்தியம் செய்த பிறகுதான் நல்ல நெஞ்சுக்கறியாக எலும்போடு வெட்டிக் கொடுத்தார்.

துவரை, மசூர், பாசி, மூன்றையும் களைந்தேன். கை நிற்கவில்லை. பூசணி, ஒரு கத்திரிக்காய், வெந்தயக் கீரை. இறைச்சியோடு சேர்த்து வேகவைத்து, இறைச்சியை எடுத்துவிட்டுப் பருப்பைச் சல்லடையில் தேய்த்தேன். மசாலாவை வதக்கும்போது பிலு ஜன்னலை மூட எழுந்து போனாள். பாதி வழியில் நின்றாள். வாசனை வெளியிலிருந்து வரவில்லை.

சோற்றுக்கு வெங்காயத்தைக் கருக வறுத்தபோது கொஞ்சம் அதிகமாகவே கருகியது. இரண்டு வருடத்தில் கணக்கு போய்விட்டது. உப்பும் ஒரு கல் கூடுதல்.

கூவர்பாய் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, ரகசியமாக, "யாருடி போயிட்டா? நோஷிரைப் பத்தித் தகவல் வந்துடுச்சா?" என்றாள். "யாரும் போகல கூவர்பாய். ஞாயித்துக்கிழமை" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள். "நிறம் பத்தல. அடுத்த தடவ என்னைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு, ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனாள்.

சாப்பிட உட்கார்ந்ததும் பிலுவிடம் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் வரவில்லை.

"அப்பா சாகல, பிலு. வேற ஊர்ல இருக்கார். இங்க வரமாட்டார்."

"கடல்ல விழலையா?"

"விழல."

"நம்மள மறந்துட்டாரா?"

"மறந்திருக்க மாட்டார். ஆனா வரமாட்டார்."

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். பிறகு, "அப்ப ரோஷன்கிட்டயும் தினாஸ்கிட்டயும் நான் சொன்னது ரெண்டும் தப்பு" என்றாள். ஆமாம் என்றேன். "நாளைக்குப் போய் சரியா சொல்லிடறேன்" என்றாள். தட்டை நீட்டினாள். இரண்டாவது முறை சாப்பிட்ட பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். பிறகு இருவரும் தூங்கிவிட்டோம். வயிறு நிறைந்த தூக்கம். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் விழித்தோம்.

அவருக்கு நீங்கள் சேமியா கிளறலாம். அவர் உங்கள் தம்பி. எனக்கு அதில் வருத்தமில்லை. அவரைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம், அவ்வளவுதான். எனக்கு அவர் உயிரோடும் இல்லை, இறந்தவரும் இல்லை, என் வீட்டில் இல்லை. அதற்குத் தனியாக ஒரு சமையல் தேவைப்படவில்லை.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. முகத்தைப் பார்த்துத்தான் அதைக் காட்ட முடியும், கடிதத்தில் சரியாக வராது.

விழித்ததும் பிலு, "அடுத்த ஞாயித்துக்கிழமையும் செய்வியா?" என்றாள். செய்வேன் என்றேன். நம்பாமல் பார்த்தாள். ஆலாமாய் அத்தை வருகிறார், அவருக்காகவாவது செய்தாக வேண்டும் என்றேன்.

சனிக்கிழமை ரயிலில் வாருங்கள். அவளிடம் நானும் பொய் சொன்னதாக ஆக்கிவிடாதீர்கள்.

நாஜு